பதினேழாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மைதான விபத்தைப் பற்றிய உங்கள் விசாரணை அறிக்கை நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எழுத்துப் பிழை இரண்டே இரண்டுதான். படங்களின் வரிசை எண்கள் சரியாக இருக்கின்றன. எழுதியவர் யாரென்று தெரியவில்லை, ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறையாவது முழுக்கப் படித்திருக்கிறார். இந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம். பதினேழாம் பக்கத்தில் ஒரு எண் மட்டும் தப்பு. அதைத் திருத்தத்தான் வந்தேன். வாசலில் இருந்தவரிடமும் இதைத்தான் சொன்னேன். திருத்தம்தானே, தபாலில் அனுப்பலாமே என்றார். இதைத் தபாலில் அனுப்ப முடியாது.

தேநீர் வேண்டாம். தண்ணீர் போதும். நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் மெதுவாகவே பேசுகிறேன்.

பிறர் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பது என் தொழில். பெயர்ப்பலகையில் சரிபார்ப்புப் பொறியாளர் என்று இருக்கும். சைட்டில் என் முதுகுக்குப் பின்னால் 'விளக்கெண்ணெய்' என்பார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவன் என்று அர்த்தமாம். அந்தச் சொல்லால் வேறு மாதிரியும் திட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பெயரை வைத்தவன் என் தங்கை புருஷன்தான். அந்த மைதானத்தில் கேபிள் கட்டும் ஆட்களுக்கு அவன் போர்மேன். அறிக்கையில் 'இறந்த நபர்' என்று நாற்பது இடத்தில் வருகிறதே, அவன்.

அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ரெட்டைக் கொக்கி. உயரத்தில் வேலை செய்பவர்களின் இடுப்புப் பெல்ட்டில் இரண்டு கொக்கிகள் இருக்கும். ஒன்றை மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும் என்பது விதி. பாதிப் பேர் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள், ஒன்றை மாட்டிவிட்டு ஓடுவார்கள். இவன் ஒரு அடி நகர்ந்தாலும் இரண்டையும் பார்ப்பான், தொட்டுப் பார்ப்பான், பிறகுதான் காலை எடுத்து வைப்பான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பால வேலையில் அவன் அப்படி நடப்பதைக் கீழே நின்று பார்த்தேன். இவன் விழ மாட்டான், தங்கையைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. போய்ப் பேசி முடித்ததும் நான்தான்.

இப்போது கூரை விஷயம். அது புரியாவிட்டால் எண் புரியாது.

சைக்கிள் சக்கரத்தைப் படுக்க வைத்தால் எப்படியோ அப்படித்தான் அந்தக் கூரை. வெளியே ஒரு பெரிய இரும்பு வளையம், உள்ளே ஒரு சின்ன வளையம், நடுவில் ஆரக்கம்பிகள் மாதிரி நாற்பத்தெட்டு கேபிள்கள். எல்லாம் சரியான விறைப்பில் இருந்தால் தூண் எதுவும் இல்லாமல் கூரை தானே நிற்கும். ஏழெட்டு தொய்ந்தால் பக்கத்தில் இருப்பவை அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும், பெரிய காற்று வரும்வரை. மைதானத்தில் புதிதாக ஆறு வரிசை இருக்கை போட்டார்கள். அவை மழையில் நனையக் கூடாது என்று கூரையை உள்பக்கமாகப் பதினோரு மீட்டர் நீட்டச் சொன்னார்கள். பழையதைக் கழற்றாமல் அதன் தோளிலேயே புதியதை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கேபிளிலும் உள்வளையத்துக்கு நாலு மீட்டர் முன்னால் ஒரு கிளாம்ப். இரண்டு இரும்புத் துண்டுகள் கேபிளைக் கவ்விப் பிடிக்கும், எட்டு போல்ட். அந்தக் கிளாம்பிலிருந்துதான் புதிய இரும்புக் கை உள்ளே நீளும்.

கிளாம்பில் ஒரு சங்கதி இருக்கிறது. ரப்பர் வளையத்தை இழுத்தால் மெலிகிறதல்லவா, கேபிளும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் மெலியும், ஆனால் அந்த அளவுக்குப் பிடி தளரும். அதனால் கொஞ்சம் இழுத்து நிறுத்துவோம். ஆள் போய் எட்டு போல்ட்டையும் முறுக்குவான். மறுபடி கொஞ்சம் இழுப்போம். இழுப்பவனும் முறுக்குபவனும் ஒருவரை ஒருவர் நம்பிச் செய்கிற வேலை இது.

விறைப்பை அளப்பதற்கு ரப்பர் சுத்தியலால் கேபிளைத் தட்டுவோம். அது எத்தனை தடவை அதிர்கிறது என்று ஒரு கருவி எண்ணும். விறைத்த கம்பி வேகமாக அதிரும். குட்டையான கம்பியும் வேகமாக அதிரும். ஆகவே நீளம் தெரிந்தால்தான் விறைப்பு எவ்வளவு என்று சொல்ல முடியும். நாற்பத்தெட்டு நீளங்களும் எனக்கு மனப்பாடம். வீட்டுச் சாவியை எங்கே வைத்தேன் என்று மறந்துவிடுவேன், இது மறக்காது. வரைபடத்தைத் திறக்காமல் நான் நீளம் சொல்வதை மற்ற பொறியாளர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன்.

பதினாலாம் கேபிள் நாற்பத்திரண்டு மீட்டர். கிளாம்ப் கவ்விய பிறகு அதிர்கிற பகுதி முப்பத்தெட்டு மீட்டர்தான். நான் நாற்பத்திரண்டு என்றே போட்டேன்.

அவ்வளவுதான் நடந்தது. முதலில் கிளாம்ப் போட்ட ஏழு கேபிள்களிலும் இதே கதை. கிழக்குப் பக்கம், பதினொன்றிலிருந்து பதினேழு வரை. நூற்று நாற்பது டன் காட்ட வேண்டிய இடத்தில் நூற்று எழுபத்தொன்று காட்டியது. ரொம்ப விறைத்துவிட்டது, தளர்த்துங்கள் என்று உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேற்று வரை சரியாக இருந்தது ஒரே நாளில் எப்படி மச்சான் விறைக்கும் என்று அவன் அன்றே கேட்டான். நீ ஸ்பேனரைப் பார், நான் கணக்கைப் பார்க்கிறேன் என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே போய்க் கேபிளையும் அதற்கேற்பப் போல்ட்டுகளையும் தளர்த்தினான்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், என் தகரக் கொட்டகைக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அவன் அப்படி வைத்தால் பேச ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"மச்சான், பதினாலு தொளதொளன்னு இருக்கு. கைய வெச்சுப் பாத்தேன். பக்கத்துல இருக்கறதும் அப்படித்தான்."

அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. உள்ளங்கையைக் கேபிளின்மேல் வைத்துக் கண்ணை மூடி நிற்பான். பல தடவை கேலி செய்திருக்கிறேன், நாடி பார்த்து மருந்து எழுதிக் கொடு மாப்பிள்ளை என்று. அன்றைக்கு எனக்குக் கேலி வரவில்லை. புதிய வரைபடத்தை விரித்தேன். முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தது, அதுவும் என் கையெழுத்தில். அவன் எதிரிலேயே திரும்பக் கணக்குப் போட்டேன். நூற்றுப் பதினைந்து டன்தான் இருந்தது. இருக்க வேண்டியதில் இருபத்தைந்து டன் குறைவு.

அதை அப்படியே விட்டுவிட நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கூரைக்குக் கீழே நாற்பதாயிரம் பேர் உட்காரப்போகிறார்கள். நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

சரி செய்யும் வழி எனக்குத் தெரியும். ஒரு கடிதம் எழுத வேண்டும். வேலை நடக்கும்போது கூரையைத் தாங்க நிறுத்தி, பிறகு மேற்குப் பக்கம் கொண்டுபோன முட்டுக் கோபுரங்களைத் திரும்பக் கிழக்கே கொண்டுவர வேண்டும். மூன்று வாரம் ஆகும், தொடக்க ஆட்டம் தள்ளிப்போகும். அதெல்லாம் ஆகிற காரியம்தான். ஆனால் கடிதத்தில் காரணம் எழுத வேண்டுமே. 'நீளம் தவறாக எடுத்துக்கொள்ளப்பட்டது' என்று ஒரே வரி. அந்த வரியை அன்றைக்கு நாலு தாளில் எழுதி நாலையும் கிழித்தேன்.

உங்களுக்கு இது உப்புப் பெறாத விஷயமாகத் தெரியலாம். கல்லூரியில் இரண்டாம் வருடத்துப் பையன் செய்கிற தப்பு அது. அதே மாதிரி தப்புக்காக ஒருவரை நான் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். என்னைவிட மூத்தவர். இந்த மாதிரி ஓர் அறையில் என் எதிரில் உட்கார்ந்து அழுதார். தப்பான எண் அழுதால் சரியாகிவிடாது என்று சொல்லி அனுப்பினேன். நான் அந்த வரியை எழுதினால் அவர் காதுக்கும் போகும்.

போர்மேன் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான். ஏளனமாக இல்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியவன் மாதிரி சிரித்தான்.

"அட, இவ்வளவுதானா? நான் என்னமோ கேபிளே போச்சுன்னு பயந்துட்டேன். மனுஷன்னா தப்பு வராதா? திங்கக்கிழமை மீட்டிங்ல நீங்களே சொல்லிடுங்க மச்சான். நீங்க சொன்னாதான் மரியாதை. கூச்சமா இருந்தா விடுங்க, நான் சொல்லிக்கிறேன்."

அவன் மிரட்டவில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். இதை நான் எங்கும் மறுக்க மாட்டேன். ஆனால் 'இவ்வளவுதானா' என்றான் பாருங்கள், அது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முப்பத்து மூன்று வருடம் நான் கட்டிக் காத்தது அவனுக்கு இவ்வளவுதான்.

நான் ஒரு யோசனை சொன்னேன். சனிக்கிழமை எல்லாருக்கும் லீவு. நாம் இரண்டு பேரும் வந்து பதினாலை மட்டும் இழுத்துச் சரி செய்து பார்ப்போம். ஒரு கேபிள் முட்டு இல்லாமல் சரியாக வந்தால் மற்ற ஆறும் வரும். திங்கட்கிழமை தப்பையும் சொல்லலாம், அதற்கு வழியையும் சொல்லலாம், கேட்பவர்களுக்கும் நிம்மதி. அனுமதிச் சீட்டு இல்லாமல் மேலே ஏறுவது அவனுக்குப் பிடிக்காது. பிறகு, உங்களுக்காக வர்றேன் மச்சான் என்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு சில கணக்குகள் போட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை நல்ல வெயில், காற்றே இல்லை. வாசலில் ஒரு காவலாளி, உள்ளே நாங்கள் இருவர். அவன் கையில் ஒரு பை இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து என் தங்கை சாப்பாடு கட்டிக் கொடுத்திருந்தாள். மாமாவுக்குக் காரம் ஆகாது என்று அவன் மகள் எனக்குத் தனி டப்பாவில் வைத்திருந்தாளாம். பையைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு மேலே ஏறினோம்.

பாதுகாப்புக் கம்பி என்று ஒன்று எப்போதும் தனியாக ஓடும். கொக்கியை அதில்தான் மாட்ட வேண்டும். கிழக்குப் பக்கத்தில் அது இல்லை. கோபுரங்களோடு சேர்த்து மேற்கே கொண்டுபோயிருந்தார்கள். மாற்றுவதற்கான தாளில் என் கையெழுத்துதான் இருக்கிறது, நாற்பத்தாறாம் பக்கத்தில் நீங்களே போட்டிருக்கிறீர்கள். அவன் கிளாம்பில் தொங்கும் சின்ன மேடையில் நின்று, இரண்டு கொக்கியையும் கையில் பிடித்தபடி மேலும் கீழும் பார்த்தான்.

"இங்க மாட்டவே இடமில்லையே மச்சான்," என்று வாக்கி-டாக்கியில் சொன்னான்.

அரை மணி நேர வேலைதானே மாப்பிள்ளை என்றேன். கடைசியில் இரண்டையும் அந்த மேடையின் கைப்பிடியிலேயே மாட்டினான். மாட்டிவிட்டு வழக்கம்போல் இரண்டையும் தொட்டுப் பார்த்தான். நான் வெளிவளையத்தில், கேபிளின் மறுமுனையில், அதை இழுக்கும் ஜாக்கிப் பம்போடு இருந்தேன். நடுவில் முப்பத்தெட்டு மீட்டர். அவனுடைய மஞ்சள் ஹெல்மெட் தெளிவாகத் தெரிந்தது.

நூற்றுப் பதினைந்திலிருந்து நூற்று நாற்பதுக்கு ஐந்து படியாகப் போவது என்று பேச்சு. படிக்கு ஐந்து டன். ஒவ்வொரு படியிலும் நான் நிறுத்துவேன், அவன் எட்டு போல்ட்டையும் முறுக்குவான்.

உங்கள் அறிக்கை என்ன சொல்கிறதென்றால், முதல் படியில், நூற்று இருபது டன்னில், நான் நிறுத்திய பிறகு கிளாம்ப் நழுவியது, மேடை அவரோடு சேர்ந்து பிய்ந்து விழுந்தது, இறந்த நபர் கொக்கியைத் தவறான இடத்தில் மாட்டியிருந்தார், அனுமதி இல்லாமல் தாமாகவே மேலே ஏறியிருந்தார், அவரைத் தடுக்க வந்த மைத்துனர் வேறு வழியில்லாமல் பம்பை இயக்க உதவினார். எல்லாம் நான் சொன்னதுதான். நீங்கள் நம்பியதில் தப்பில்லை. பம்பின் முள்ளும் நூற்று இருபதில்தான் நின்றிருந்தது. அவன் விழுந்த பிறகு முள்ளை நூற்று இருபதுக்கு இறக்கிப் பூட்டிவிட்டுத்தான் நான் கீழே ஓடினேன். பதினைந்து நொடி ஆகியிருக்கும்.

என்னை உறுத்துவது அந்த நூற்று இருபதுதான். அதை வைத்து, இந்தக் கிளாம்பே மோசமான வடிவமைப்பு, இனி யாரும் பயன்படுத்தக் கூடாது என்று கடைசிப் பக்கத்தில் முடித்துவிட்டீர்கள். அதைச் செய்த தொழிற்சாலைக்காரர் எனக்குப் பழக்கம். அந்த மனிதர் உடைந்துபோய்விட்டார், என் கிளாம்ப் ஓர் உயிரைக் குடித்துவிட்டதே என்று எனக்குப் போன் செய்து புலம்பினார். அது நல்ல கிளாம்ப், சார். நூற்று இருபதில் அது நழுவவே நழுவாது. நூற்று முப்பத்து மூன்றில்தான் நழுவியது. பதினேழாம் பக்கத்தில் நூற்று முப்பத்து மூன்று என்று போடுங்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். முள்ளை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

நூற்று இருபது வந்ததும் அவன் சொன்னான்: "போதும் மச்சான், நிறுத்துங்க. போல்ட்ட முறுக்கிக்கிறேன்." வாக்கி கரகரத்தது, எதுவும் கேட்கவில்லை என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். தெளிவாகக் கேட்டது. பம்பின் கைப்பிடி என் கையில் இருந்தது. நான் நிறுத்தவில்லை. நூற்று இருபத்தைந்தில், "மச்சான், கேக்குதா?" என்றான். குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது, நான் கவனக்குறைவாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பான். என்னை அவன் அப்படி நினைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நூற்று முப்பதில் வாக்கியை மேடையில் வைத்துவிட்டு உள்ளங்கையைக் கேபிளின்மேல் வைத்தான். கண்ணை மூடவில்லை, என்னைப் பார்த்தான். எத்தனை டன் போய்விட்டது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். பிறகு அவசரமாக ஸ்பேனரை எடுத்து முறுக்க ஆரம்பித்தான். எட்டில் ஒன்றைத்தான் முறுக்க முடிந்தது.

வெள்ளிக்கிழமைக் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. போல்ட்டை முறுக்காமலே இழுத்துக்கொண்டு போனால் கிளாம்ப் எத்தனை டன்னில் நழுவும் என்பதுதான் அந்தக் கணக்கு. மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் நூற்று முப்பத்திரண்டு வந்தது. அந்த ஒரு டன் வித்தியாசம் அவன் முறுக்கிய ஒரு போல்ட்டினால் வந்தது. மற்றபடி கணக்கு சரி. அந்தத் தாளை எடுத்து வந்திருக்கிறேன், இணைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். மைதானத்தை ஐந்து வாரம் மூடினார்கள். என் கடிதத்துக்கு மூன்று வாரம்கூடக் கொடுத்திருப்பார்களோ என்னவோ, இதற்கு ஐந்து வாரம் கொடுத்தார்கள். கோபுரங்கள் கிழக்கே வந்தன. விபத்துக்குப் பிறகான மறுசோதனை என்ற பெயரில் நாற்பத்தெட்டையும் புதிதாக அளந்து ஏழையும் நூற்று நாற்பதுக்குக் கொண்டுவந்தேன், இந்தத் தடவை முப்பத்தெட்டு மீட்டரை வைத்து. ஏன் தொய்ந்தன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. விபத்தின் அதிர்ச்சியில் தொய்ந்திருக்கும் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். தொடக்க ஆட்டத்தன்று பதினாலுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். நாற்பதாயிரம் பேரும் எழுந்து கத்தினார்கள். நல்ல காற்றும் அடித்தது. கூரை அசையவில்லை. அவன் இருந்திருந்தால் அவனும் சந்தோஷப்பட்டிருப்பான், அவன் நல்ல வேலைக்காரன்.

என் தங்கை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கடைசியா ஏதாவது சொன்னாரா அண்ணா?" இல்லை என்று சொன்னேன். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. எனக்கு அவள் தட்டு வைப்பதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. புருஷனைத் தடுக்கப் போன அண்ணன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். போன் மணி அடித்து நான் எடுத்தால், மறுமுனையில் யார் பேசினாலும், முதலில் 'மச்சான், கேக்குதா' என்றுதான் கேட்கிறது. சரி, அது அறிக்கைக்குச் சம்பந்தமில்லாதது, விடுங்கள்.

ஆகவே திருத்தத்தை இப்படி எழுதிக்கொள்ளுங்கள். நூற்று இருபது என்பதை அடித்துவிட்டு நூற்று முப்பத்து மூன்று. கிளாம்பில் குறையில்லை. இறந்த நபர் தாமாக ஏறவில்லை, நான் ஏற்றினேன். அவர் நிறுத்தச் சொன்னார், நான் கேட்டேன், நிறுத்தவில்லை. தெரிந்தே செய்தேன். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு விஷயத்தை மட்டும் எழுத வேண்டாம். உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். காரணம் ஏதாவது போட்டாக வேண்டும் என்றால் குடும்பத் தகராறு என்று போட்டுக்கொள்ளுங்கள், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். முப்பத்து மூன்று வருடத்தில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.